ஷூஷான் அத்தையின் நாலாவது நிச்சயதார்த்தம்

எங்கள் ஷூஷான் அத்தைக்கு அதுவரை மூன்று தடவை நிச்சயதார்த்தம் நடந்திருந்தது. மூன்றும் பொய். நாலாவது நிஜம். அதைத்தான் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை.

காபூர் ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். என் பெயரை மட்டும் மாற்றவில்லை. மாற்றினாலும் இதைவிட மோசமாக ஒன்று கிடைக்காது. ஸகூத்து. எப்போதோ செத்துப்போன ஒரு அசீரிய ராணியின் பெயராம். இயக்கத்துக்காரருக்குப் பிள்ளையாகப் பிறந்தால் இதுதான் கதி. என் வகுப்பில் பழைய ராஜாக்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், எல்லோரும் கணக்கில் முட்டை. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். ஆசிரியர் நாற்காலியில் ஒட்டகமுள் வைத்ததற்காக என்று ஊரில் சொல்வார்கள். முள் வைத்தது உண்மை. ஆனால் நின்றது பருத்தி எடுக்க வீட்டில் ஆள் இல்லாததால்.

இயக்கம் என்றதும் துப்பாக்கி கிப்பாக்கி என்று நினைக்க வேண்டாம். எங்கள் தாத்தாக்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றில் எங்கள் அசீரிய ஜனத்தைக் குறிவைத்த கொலைகளுக்குத் தப்பி இராக்கிலிருந்து எல்லை கடந்து வந்து இங்கே மண்வீடு கட்டியவர்கள். உயிர் தப்பி வந்த இடத்திலும் குலத்துக்கு ஒரு ஊர், சபைக்கு ஒரு கோயில் என்று பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். பிறகு அவர்கள் பிள்ளைகளில் நாலெழுத்துப் படித்தவர்கள், "கிழக்குச் சபை, மேற்குச் சபை, கல்தேயச் சபை எல்லாம் ஒரே ஜனம், ஒரே மொழி, நமக்கென்று ஒரு பெயர் உண்டு, அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும்" என்று கிளம்பினார்கள். அதுதான் இயக்கம். கேட்டதும் பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு எங்கள் எழுத்தைச் சொல்லிக்கொடுக்க விட வேண்டும். ஏப்ரல் முதல் தேதி எங்கள் புதுவருஷத்தை வயல்வெளியில் பயமில்லாமல் ஆடிப் பாடிக் கொண்டாட விட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அஞ்சு பேர் ஒரு வீட்டில் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், நகரத்து உளவு ஆபீஸிலிருந்து ஆள் வந்து வாசலில் நிற்பார்.

கல்யாணம், நிச்சயம், சாவு, இந்த மூன்றுக்கு மட்டும் அனுமதி வாங்க வேண்டாம். சாவை நாமாக ஏற்பாடு செய்ய முடியாது. கல்யாணம் என்றால் செலவு. மிச்சம் இருந்தது நிச்சயம்.

பொய்யாக ஒரு நிச்சயம் வைத்து அந்தச் சாக்கில் கூட்டம் போடுகிற யோசனை ஷ்லேமோன் வாத்தியாருடையது. எங்கள் பக்கத்து ஊர்களில் இயக்கத்துக்கு அவர்தான் தலை. அந்தத் தலைக்கு, பொய் நிச்சயத்தில் உட்கார ஒரு பெண் வேண்டியிருந்தது. பெண் வைத்திருந்த எல்லோரும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவினார்கள். பொய்யாக நிச்சயம் செய்து பிறகு முறிந்துவிட்டது என்றால் அந்தப் பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? அத்தைக்கு அப்போது பத்தொன்பது வயது. எங்கப்பாவின் ஒரே தங்கை. அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "நானே உக்கார்றேன். என் நிச்சயத்துக்காவது நம்ம ஜனம் ஒண்ணா கூடட்டும்" என்றாளாம். கூட்டத்தைப் பற்றி யாரிடமும், நாளைக்கு வரப்போகும் புருஷனிடம்கூட, வாய் திறப்பதில்லை என்று ரொட்டிமேல் கை வைத்துச் சத்தியமும் செய்தாள்.

நிச்சயக் கூட்டம் நடத்த ஒரு முறை இருந்தது. பெண்கள் முற்றத்தில் பாட்டுப் பாட வேண்டும். ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளறைக்கு நழுவ வேண்டும். ஆபீஸ் ஆள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தால் பெண்கள் குலவை போட வேண்டும். உள்ளே பேச்சு நின்றுவிடும். பாதிரியாருக்கு மட்டும் அன்றைக்கென்று பல்வலி வந்துவிடும். கடவுள் முன்னால் பொய் மோதிரத்தை ஆசீர்வதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் அந்த நல்ல மனுஷன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: பொய் நிச்சயம் என்ற சொல்லை யாரும், எங்கேயும், சொந்த வீட்டுக்குள்ளேயும் உச்சரிக்கக் கூடாது. "ஷூஷானுக்கு நெசமாவே நிச்சயம்" என்றுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்படியே சொல்லிப் பழகினார்கள்.

முதல் மாப்பிள்ளை ஹோர்மிஸ். அந்த நிச்சயத்தில்தான் கோடை விடுமுறையில் கோயிலின் பின்னறையில் எழுத்து சொல்லிக்கொடுப்பது என்று முடிவானது. நான் எங்கள் எழுத்தைக் கற்றது அந்த அறையில்தான். இரண்டாவது மாப்பிள்ளை யால்தா. சபைகள் எல்லாவற்றையும் எப்படி ஒன்றாக்குவது என்று அன்றைக்கு மத்தியானம் முழுக்கப் பேசி, எந்தச் சபையின் பெயரை முதலில் எழுதுவது என்று சண்டை போட்டுக்கொண்டு கலைந்தார்கள். மூன்றாவது மாப்பிள்ளை கோஷாபா. புதுவருஷத்தை எந்த வயலில் வைப்பது என்ற பேச்சு. இடம் முடிவாயிற்று, அந்த வருஷம் ஆடவும் ஆடினோம். ஆனால் துண்டுப் பிரசுரம் ஒட்டியதற்காகக் கோஷாபாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒன்றரை வருஷம் கழித்து இடது காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மூன்று நிச்சயத்துக்கும் ஆபீஸிலிருந்து வந்த ஆள் ஒருவரே. அபு கலஃப். தொப்பையும் வெள்ளை மீசையும், முட்டி வலியும். உளவு பார்க்க வந்தவர் வெறுங்கையோடு வர மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஆறு டீ கிளாஸ் உள்ள பெட்டி ஒன்று, தங்கக் கோடு போட்டது, வாங்கி வந்து அத்தை கையில் கொடுப்பார். அப்புறம் முற்றத்தில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, வைத்ததையெல்லாம் தின்பார். அந்தக் கிளாஸில்தான் இயக்கம் டீ குடித்தது.

முதல் நிச்சயத்திலிருந்து இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அத்தை ஊருக்கே தலை அலங்காரம் செய்பவள் ஆகியிருந்தாள். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு சுழல் நாற்காலி, முடி உலர்த்தும் டிரையர் ஒன்று. ஆற்றின் இரு கரையிலும் இருக்கிற ஊர்களின் மணப்பெண்கள் எல்லாம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு அத்தை பேசுவது அவளுக்கும் எனக்கும்தான் புரியும். பெண்ணின் கொண்டையை முடித்ததும் இரண்டு தோளையும் பிடித்துக் கண்ணாடியில் ஒரு தடவை பார்ப்பாள். "போ, இனிமே நீ அழுதாலும் இது கலையாது" என்பாள். அவளைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. இயக்கத்துப் பையன்களுக்கு அவள் சகோதரி. வெளியாட்களுக்கு மூன்று பேர் வேண்டாம் என்று விட்டுப்போன பெண். கோயிலில் பெண்கள் அவளைப் பார்த்து, பாவம் என்கிற மாதிரி உதட்டைப் பிதுக்குவார்கள். அப்படிப் பிதுக்கியவர்களின் செருப்புக்குள் நான் ஈரமாவு வைத்திருக்கிறேன். அது வேறு கதை.

போன வருஷம் டிரையர் எரிந்துபோயிற்று. ஹசக்கே நகரத்திலிருந்து தண்ணீர் பம்பு பழுது பார்க்க வந்திருந்த லஹ்தோவிடம் கொண்டுபோனாள். முப்பத்தைந்து வயது, கையெல்லாம் கிரீஸ், பேச்சு குறைவு. மேற்குச் சபைக்காரர். சிலுவை போடும்போது எங்கள் கை வலப்பக்கம் முதலில் போகும், அவர்கள் கை இடப்பக்கம். லஹ்தோ டிரையரைப் பிரித்து, ஊதி, மாட்டிக் கொடுத்துவிட்டு, "இதுல இவ்ளோ முடி எப்பிடிப் போச்சு?" என்று கேட்டார். அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் முடியை நானே மோட்டாருக்குள் திணித்தேன். அதற்கடுத்த வாரமும். நாலாவது தடவை லஹ்தோ டிரையரை வாங்காமலே, "எங்கம்மாவக் கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டார்.

அத்தை ஷ்லேமோன் வாத்தியாரிடம் போய்ச் சொன்னபோது நானும் கூட இருந்தேன்.

"வாத்தியாரே, வர்ற ஞாயித்துக்கிழம எனக்கு நிச்சயம்."

"நல்லதாப் போச்சும்மா! நாங்களே கேக்கலாம்னு இருந்தோம். புதுவருசத்துக்கு எடம் முடிவு பண்ணணும்."

"இல்ல வாத்தியாரே. இது நெசமாவே நிச்சயம்."

"நெசம்தாம்மா. யாரு இல்லன்னது?" என்று கண்ணடித்தார்.

"ஐயோ, மாப்பிள்ள ஹசக்கேகாரரு. மேற்குச் சபை."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "மேற்குச் சபையிலேருந்தே ஆளப் புடிச்சிட்டியா? ஷூஷான், நீ மூளக்காரிடி!"

எங்கப்பா போய்ச் சொன்னார். அவரையும் தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார்கள். எங்கப்பாவுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. திரும்பி வந்து, "சொன்னேன். நம்பல" என்றார்.

அத்தை கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். "போகட்டும்ணே. வந்து பாத்தா தெரியப் போகுது. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். மாப்பிள்ளயோட அம்மா எங்கிட்ட எதையும் கேக்காம இருக்கணும். கேட்டா எனக்குச் சொல்ல வாயில்ல."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லஹ்தோ வந்தார். கூடவே அவர் தாய்மாமா ஒருவர், பிறகு லஹ்தோவின் அம்மா ஷ்மூனி. நெட்டையான கிழவி, கறுப்பு உடை, இடுப்பில் சாவிக்கொத்து. பார்வையே வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து முற்றத்துக் கம்பளத்தில் உட்கார்ந்தார்கள். நான் டீ வைத்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு, பெண் வீட்டார் சரி என்று சொல்லும்வரை டீயைத் தொட மாட்டார்கள். சரி என்றதும் குடிப்பார்கள். தொடாமல் எழுந்து போனால், வந்த காரியம் முறிந்தது என்று அர்த்தம்.

ஊர் வந்தது. எல்லோருக்கும் உற்சாகம்தான், ஆனால் அது எங்களுக்காக இல்லை, கூட்டத்துக்காக. ஆண்கள் மாப்பிள்ளைக்கு ஒரு கை கொடுத்துவிட்டு வரிசையாக உள்ளறைக்குள் போனார்கள். பாதிரியார் மோதிரத் தட்டோடு வந்தார், பல்வலி இல்லாமல். அதைப் பார்த்த ஹோர்மிஸ் என் காதில், "இந்தத் தடவ பாதிரியாரையே கூட்டியாந்துட்டீங்களா? இயக்கம் வளந்துருச்சு புள்ள!" என்றார்.

"மாமா, இது நெசம்."

"தெரியும், தெரியும்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அவரும் உள்ளே போனார்.

அபு கலஃப் வந்தார். கையில் கிளாஸ் பெட்டி இல்லை, பெரிய மூட்டை ஒன்று இருந்தது. சுவரோரம் வைத்துவிட்டுத் தலையணையில் சாய்ந்து ஒரு பேரீச்சம்பழ பிஸ்கட்டை எடுத்தார். முற்றத்துப் பெண்கள் வழக்கம்போல் அவர்மேல் கண் வைத்தார்கள். பாவம், மனுஷர் முட்டி வலியில் காலை மாற்றிப் போட்டால்கூடக் குலவை. மூன்றாவது குலவையில் ஷ்மூனி திரும்பிப் பார்த்தாள்.

லஹ்தோவின் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு பெண் கேட்க ஆரம்பித்தார். "உங்க தோட்டத்துல ஒரு பூவு இருக்குன்னு கேள்விப்பட்டோம்..." பதில் சொல்ல வேண்டிய பெரியவர்கள் ஒருத்தரும் இல்லை. எங்கப்பா மட்டும் தனியாக வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளறையிலிருந்து ஷ்லேமோன் வாத்தியாரின் குரல் முணுமுணுவென்று கேட்டது.

ஷ்மூனி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டாள். "ஏம்மா, பொண்ணு வீட்டு ஆம்பளைங்க எல்லாம் எங்க? எங்களப் புடிக்கலையா?"

அந்தப் பெண்ணின் வாய்க்குப் பூட்டே கிடையாது. "அதெல்லாம் இல்லக்கா. நாலாவது நிச்சயம்ல, பழகிப்போச்சு" என்றுவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாலாவதா? யாருக்கு?"

உதவி செய்கிற நினைப்பில் அபு கலஃப்தான் பேசினார். வாயில் பிஸ்கட். "நாலாவதுதாம்மா. மூணுக்கும் நான் வந்து சாப்பிட்டிருக்கேன். பிஸ்கட்டு எப்பவும் நல்லாருக்கும்."

ஷ்மூனி அத்தையைப் பார்த்தாள். அத்தை நீல உடுப்பில், தானே முடித்துக்கொண்ட கொண்டையோடு நின்றிருந்தாள். கையில் டீத் தட்டு.

"பொண்ணே, இங்க வா. மூணு பேரு ஒன்ன வேணாம்னு போனாங்களா?"

"ஆமாம்மா."

"ஏன் போனாங்க? என்னத்தக் கண்டாங்க?"

அம்மாக்காரி கேட்டதில் தப்பு இல்லை. யாராக இருந்தாலும் கேட்பார்கள். 'அதெல்லாம் பொய்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் மூன்றடி தள்ளி அபு கலஃப் உட்கார்ந்திருக்கிறார். அந்த வார்த்தை உள்ளறையில் இருக்கிற அத்தனை பேரையும் வண்டியில் ஏற்றிவிடும். அத்தை உதட்டைத் திறந்தாள், மூடினாள்.

"அம்மா, விடுங்க" என்றார் லஹ்தோ.

"நீ சும்மா இருடா. வாயத் தொறக்க மாட்டேங்குறா பாரு. எழுந்திரு."

டீயைத் தொடாமல் கிழவி எழுந்துவிட்டாள்.

யோசிக்க நேரம் இருக்கவில்லை. வாசலுக்கு ஓடினேன். எது அவள் செருப்பு என்று பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, கிடந்த செருப்பு ஷூ எல்லாவற்றையும் கோணிப்பையில் வாரினேன். சனிக்கிழமை ரொட்டி சுட்டு ஆறிக் கிடந்த தந்தூர் அடுப்புக்குள் தள்ளி மூடினேன். அப்படியே சுற்றிக்கொண்டு போய் உள்ளறைக் கதவைக் காலால் உதைத்தேன்.

வாத்தியார் பேச்சை நிறுத்தினார். "என்ன, அபு கலஃப் எந்திரிச்சிட்டாரா?"

"அந்தம்மா எந்திரிச்சிட்டாங்க! ஒங்க வயக்காட்டுல இடி விழ! அத்தைக்கு நெசமாவே நிச்சயம்!"

"நெசம்தாம்மா, மெதுவாப் பேசு."

"ஐயோ, வாத்தியாரே! பாதிரியாருக்குப் பல்வலி வரல! மோதிரத் தட்டோட வந்து உக்காந்துருக்காரு! அவரு பொய்க்கு வருவாரா?"

ஹோர்மிஸ் வாய்க்குக் கொண்டுபோன கையை வாயிலேயே வைத்திருந்தார். கோஷாபாதான் முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாத்தியார் தரையைப் பார்த்து, "கடவுளே, அந்தப் புள்ள எங்கிட்டச் சொல்லிச்சே. ரெண்டு தடவ சொல்லிச்சே" என்றார். என் ஆயுசில் அவர் குரல் அவ்வளவு சின்னதாகக் கேட்டதில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது ஷ்மூனி வாசலில் வெறுங்காலோடு நின்று, "இது என்ன வீடு? செருப்பக்கூட விட்டுவைக்க மாட்டாங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குறுக்கே அபு கலஃப், இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு, எழுந்து நின்றிருந்தார். குலவை போட ஒருத்திக்கும் தோன்றவில்லை.

"அம்மா, ஒரு நிமிசம்" என்றார் அபு கலஃப். "பெரிய மனுசி நீங்க. இந்தப் பொண்ணப் பன்னெண்டு வருசமா நான் பாக்குறேன். ஒரு சொல் எவனும் இவளப் பத்திச் சொன்னதில்ல. சொன்னா எனக்குத்தான் மொதல்ல தெரியும், ஏன்னா அதான் என் வேல. மூணு பேரு விட்டுட்டுப் போனானுங்க. ஒரு தடவகூட இவ யாரையும் திட்டி நான் கேக்கல. ஒவ்வொரு தடவையும் கிளாஸ் வாங்கிக் குடுத்தேன். அப்புறம் எம் பொண்டாட்டி சொன்னா, 'யோவ், ஒன் கிளாசுக்குத்தான் ராசியில்ல, ஒடையிற பொருளக் குடுத்தா ஒறவும் ஒடையும்.' அதான் இந்தத் தடவ கம்பளி வாங்கியாந்தேன்."

சுவரோர மூட்டையைக் காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. ஊரே அந்த நிச்சயத்தை நாடகம் என்று நினைத்த நேரத்தில், அதை நிஜம் என்று நம்பிப் பரிசு வாங்கி வந்தது எங்களை உளவு பார்க்க வந்த மனுஷர் மட்டும்தான். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை.

அதோடு விடவில்லை அவர். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "எங்கய்யா அந்த மூணு பேரு? இங்கதானே இருப்பானுங்க? மீச வச்சிருக்கீங்கல்ல? வந்து சொல்லுங்க, குத்தம் யாரு மேலன்னு!" என்றார்.

ஹோர்மிஸின் மனைவி அவர் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அவர் முன்னால் வந்தார். இரண்டு பிள்ளைகள் அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"குத்தம்... எம்மேலதாம்மா. நான் அப்ப ரொம்பக் குடிப்பேன். பொண்ணு நல்ல பொண்ணு."

"அப்ப மட்டுமா?" என்றாள் மனைவி. நாலு பேர் சிரித்தார்கள். ஷ்மூனி சிரிக்கவில்லை, ஆனால் வாசலிலிருந்து ஒரு அடி உள்ளே வந்தாள்.

யால்தா சுவீடனுக்குப் போய் ஏழு வருஷம். அதனால் அவன் அம்மா எழுந்தாள். மகனின் போட்டோவைக் கோயில் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பவள், அவன் அனுப்பும் சாக்லேட்டை ஊருக்கே காட்டிவிட்டுத் தின்பவள். தலையில் இருந்த துணியை இழுத்து விட்டுக்கொண்டு, "எம் பையன் ஒரு கழுத" என்றாள். "வெளிநாட்டு ஆசையில ஓடிப்போனான். இந்தத் தங்கத்த விட்டுட்டு அங்க போயி பஸ்ஸு கழுவுறான். அவன் தலையில எழுதுனது அவ்வளவுதான்." சொல்லிவிட்டு உட்கார்ந்து, முந்தானை போலத் துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்தச் சொல் அவளுக்கு எவ்வளவு கசந்திருக்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாவதாகக் கோஷாபா. அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நான் வர முடியாத எடத்துல இருந்தேன்" என்றார். அபு கலஃப் தன் முட்டியைக் குனிந்து பார்த்தார், பிடித்துக்கொண்டு போனது அவர் ஆபீஸ்தானே. "எப்ப வெளிய வருவேன்னு எனக்கே தெரியாது. காத்திருன்னு சொல்ல எனக்கு என்ன உரிம இருக்கு? வந்தப்புறமும் சொல்லல. இந்தக் கால வச்சுக்கிட்டு என்ன சொல்றது? தப்பு எம்மேலதான். அவ மேல இல்ல."

முதல் இரண்டு பேர் சொன்னதும் பொய். அழகான பொய். கோஷாபா சொன்னது அந்தச் சாதியில் சேரவில்லை. அத்தை தலையைத் தூக்கி அவரை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அவர் மனசு அவளுக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

ஷ்மூனி மெல்ல நடந்து அத்தையிடம் வந்தாள். தட்டை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"ஒருத்தன் குடிகாரன், ஒருத்தன் ஓடுகாலி, ஒருத்தன்... சரி, விடு. இவனுங்க எல்லாரையும் இன்னிக்கும் ஒன் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ ஊத்துறியே, ஒனக்குக் கோவமே வராதா?"

"எல்லாரும் நம்ம ஜனம்தானேம்மா" என்றாள் அத்தை.

அதை அவள் எப்போதும் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். வாத்தியார் பக்கம் பார்க்கவும் இல்லை. வாத்தியார்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

கிழவி போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். "கேளுங்கண்ணே" என்றாள், பெண் கேட்க வந்த தன் தம்பியை முந்திக்கொண்டு, எங்கப்பாவைப் பார்த்து. "பொண்ணக் கேட்டோம். பதில் இன்னும் வரல."

எங்கப்பா எழுந்தார். ஒரு வாரமாக ஆட்டுக்கொட்டகையில் நின்று ஒத்திகை பார்த்த பேச்சு அது. சபை, ஜனம், பாட்டன் முப்பாட்டன் எல்லாம் அதில் இருந்தது. வாயிலிருந்து வந்தது, "எடுத்துக்கங்க" மட்டும்தான்.

ஷ்மூனி கிளாஸை எடுத்தாள். நான் ஓடிப்போய், "ஆறிப்போச்சு பாட்டி, வேற ஊத்தறேன்" என்றேன்.

"வேணாம், இதுவே போதும்" என்று முழுசையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள்.

பாதிரியார் மோதிரத்தை ஆசீர்வதித்தார். ஒரே நேரத்தில் எல்லோரும் சிலுவை போட்டோம், எங்கள் கைகள் வலப்பக்கம், அவர்கள் கைகள் இடப்பக்கம். யாரும் சண்டை போடவில்லை. பிறகு முரசும் குழலும் வந்தன, சுண்டுவிரல் கோத்து ஆட்டம் ஆரம்பித்தது. ஹோர்மிஸுக்கும் வாத்தியாருக்கும் நடுவில் அபு கலஃப், முட்டி வலியோடு, எப்போதும் ஒரு அடி பிந்தி. இயக்கத்தின் கூட்டம் அன்றைக்கு நடக்கவில்லை. புதுவருஷத்துக்கு இடம் முடிவாகவில்லை.

செருப்பைப் பற்றி ஷ்மூனி மறுபடி கேட்டபோதுதான் எனக்கு நினைவு வந்தது. கோணிப்பையைத் தூக்கி வந்தேன். எல்லாச் செருப்பிலும் கரி. அபு கலஃபின் ஆபீஸ் ஷூவுக்குள் பாதி ரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. "இது யாரு வேல?" என்று கேட்டவர் என் முகத்தைப் பார்த்ததும் மேலே கேட்கவில்லை. தட்டிவிட்டு மாட்டிக்கொண்டார்.

கிளம்பும் முன்னால் லஹ்தோ அத்தையிடம் கண்ணாடி அறையில் இரண்டு நிமிஷம் பேசினார். திரைக்குப் பின்னால் நான் இருந்தேன், அது என் வழக்கமான இடம்.

"அவங்க மூணு பேரும் சொன்னதுல ஏதோ இடிக்குது" என்றார் லஹ்தோ. "ஆம்பளைங்க அத்தன பேரு ஒரு ரூம்புல. குலவ வேற. நான் மோட்டாரு பாக்குறவன், சத்தத்துல தப்பு இருந்தா எனக்குத் தெரியும். என்னைக்காவது எங்கிட்டச் சொல்லுவியா?"

"சொல்ல மாட்டேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம்?"

"அப்பவும் மாட்டேன்."

லஹ்தோ டிரையரைக் கையில் எடுத்தார். "சரி. இதுலயாவது யாரு முடியத் திணிச்சதுன்னு சொல்லு."

"அதுவும் மாட்டேன்" என்றாள் அத்தை. திரைப் பக்கம் திரும்பி, "பின்னால நிக்கிற கழுத, போயி தட்டக் கழுவு" என்றாள்.

அறுவடை முடிந்து கல்யாணம் நடந்தது. மற்றவர்களின் கொண்டை எல்லாம் கலைந்தும் அவளுடையது கலையவில்லை, அழுதாள், இருந்தும் கலையவில்லை. அதை முடித்தது நான். இப்போது ஹசக்கேயில் இருக்கிறாள். மாமியார் வீட்டு வாசலறையில் கண்ணாடி மாட்டியிருக்கிறாளாம், இரண்டு சபைப் பெண்களும் வருகிறார்களாம்.

அவள் போன மறுவாரம் ஷ்லேமோன் வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதைப் பேசினார், இதைப் பேசினார், எனக்குப் பதினாறு முடிந்துவிட்டதா என்று எங்கம்மாவிடம் விசாரித்தார். நான் அவர் டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தேன். மனுஷர் முகம் சுளிக்காமல் முழுவதும் குடித்தார். அப்புறம் அந்தக் கிளாஸைக் கையில் வைத்துத் தங்கக் கோட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அடுத்த நிச்சயத்துக்கு உட்கார்கிறாயா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை.

கிளாஸ்கள் பதினெட்டையும் அத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள், கூட்டத்துக்கு வேண்டியிருக்கும் என்று. கம்பளியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.